புலியின் மேலொப்பம்

ஒரு காட்டில் ஓர் அலுவலகம் இருந்தது. குட்டைத் தண்ணீரை யார் எப்போது வந்து குடிக்கலாம் என்று முறை வைத்து டோக்கன் கொடுப்பது அதன் வேலை. டோக்கன் வருவதற்கு முன்பு அந்தக் காட்டில் தாகம் எடுத்தவர்கள் தண்ணீர் குடித்தார்கள். டோக்கன் வந்த பிறகு வரிசையில் நின்றார்கள். இதற்கு நிர்வாகம் என்று பெயர்.

அந்த அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. யாரும் யாரையும் இன்ன விலங்கு என்று சொல்லக் கூடாது. முன்பு ஒரு தேநீர் இடைவேளையில் ஓநாய் ஒன்று பக்கத்து இருக்கை ஆட்டைப் பார்த்து, "ஏன் ஆடு மாதிரி முழிக்கிறே?" என்று கேட்டுவிட்டது. ஆடு புகார் கொடுத்தது. விசாரணை நடந்தது. அதன் முடிவில் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள்: 'இங்கு விலங்குகள் யாரும் இல்லை. அனைவரும் ஊழியர்களே.' கண்ணாடியானது வாயைத் திறக்காமலேயே இந்த விதியை மீறுகிறது என்று யாரோ கண்டுபிடித்ததால், கை கழுவும் இடத்தில் இருந்த கண்ணாடியையும் கழற்றிவிட்டார்கள்.

கதைக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே சொல்லிவிடலாம். மேலாளர் சௌந்தரபாண்டியன் ஒரு புலி.

அவருக்கு அது தெரியாது. அப்பா பணியில் இருக்கும்போதே காலமாகிவிட்டதால் குட்டிப் பருவத்திலேயே வாரிசு வேலையில் சேர்ந்தவர். மேஜைக்குப் பின்னாலேயே வளர்ந்தார். மதியம் தயிர்சாதம், மாவடு. புதிதாகச் சேருகிறவர்கள் இவர் இந்தக் கோடு போட்ட சட்டையை மாற்றவே மாட்டாரா என்று நினைத்துக்கொள்வார்கள். சிலர் அப்படி நினைத்தபடியே ஓய்வும் பெற்றுவிட்டார்கள்.

சுலோச்சனா அங்கே இளநிலை உதவியாளர். புள்ளிமான். புல்வெளியிலிருந்து நேராக வேலைக்கு வந்தவள் என்பதால் அவளுக்கு எல்லாம் தெரியும். முதல் நாள் மேலாளர் அறைக்குள் நுழைந்து அந்த வாசனை மூக்கில் ஏறியதும், அவளுடைய நான்கு கால்களும் நான்கு பக்கமாகக் கிளம்பப் பார்த்தன. அவற்றை அடக்கி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எதுக்கும்மா இப்படி நடுங்கறீங்க?" என்றார் மேலாளர் அன்பாக. "நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்?"

அன்று மாலையே சுலோச்சனா பணி விதிகளைப் படித்துப் பார்த்தாள். 'சக ஊழியரை உண்ணலாகாது' என்று தெளிவாகவே போட்டிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: 'தகுதிகாண் பருவத்தில் உள்ளவர் சக ஊழியராகக் கருதப்பட மாட்டார்.'

அதிலிருந்து அவளுக்கு ஒரே கவலைதான். தகுதிகாண் பருவம் முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. பணி நிரந்தர உத்தரவு மட்டும் வரவில்லை. அது வரும்வரை தகுதிகாண் பருவம் நீடிப்பதாகத்தான் கணக்கு. கோப்பு மேலாளர் மேஜையில் இருந்தது. கேட்கும்போதெல்லாம் "பார்க்கலாம்மா" என்பார். தான் யார் என்று அவர் தெரிந்துகொள்வதற்குள் அந்த உத்தரவு வந்துவிட வேண்டும். தெரிந்துகொண்ட பிறகு வந்தால், அதை வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் மனிதவள அதிகாரி திலகவதி ஓர் அறிவிப்போடு வந்தாள். திலகவதி ஒரு மந்தி. அவள் பதவிக்கு ஏன் மனிதவளம் என்று பெயர் என யாரும் கேட்டதில்லை.

"நம்ம ஆளுங்களுக்குள்ள ஒற்றுமை இல்லைன்னு மேலிடத்துல நினைக்கிறாங்க. அதனால எல்லாரும் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரிசார்ட்டுக்குப் போறோம். சுற்றுலா இல்லை, குழு ஒருங்கிணைப்பு முகாம். காலையில சாகச விளையாட்டு. மதியம் வனவிலங்கு பார்வையிடல்."

பதிவறை எழுத்தர் தண்டபாணி கையைத் தூக்கினார். முள்ளம்பன்றி. "யாரு மேடம் யாரைப் பார்வையிடறது?"

"நாம, வனவிலங்கை."

"அப்ப நாம?"

"நாம ஊழியர், தண்டபாணி. சுவத்தைப் பாருங்க."

தண்டபாணி சுவரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

மேலாளர் சுலோச்சனாவைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க கோப்பு என் ஞாபகத்துலயே இருக்கும்மா. முகாம்ல உங்க குழு மனப்பான்மை எப்படின்னு பார்த்துட்டு உத்தரவு போட்டுடறேன்."

சுலோச்சனாவுக்கு முகாமே பிடிக்கவில்லை. அலுவலகத்தில் அவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மேஜை இருந்தது. காட்டில் அது இருக்காது. ஆனால் போகாமல் இருக்க முடியாது.

வேனில் பாட்டுப் போட்டி நடந்தது. மேலாளருக்கு வேன் ஒத்துக்கொள்ளாது. முன் இருக்கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். ரிசார்ட்டில் வரவேற்க ஓர் உடும்பு நின்றிருந்தது. பெயர் செல்லக்கண்ணு. தலையில் சிவப்புத் தொப்பி.

"நான்தான் உங்க பயிற்சியாளர். மதியம் உங்களைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போக வேற ஒருத்தர் வருவார்" என்றான்.

"அவர் எப்படி, நல்ல அனுபவசாலியா?" என்று கேட்டாள் திலகவதி.

"நான்தான் மேடம். பச்சைத் தொப்பி போட்டுக்குவேன்."

முதல் விளையாட்டுக்கு நம்பி விழுதல் என்று பெயர். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும். மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும். சக ஊழியர் மேல் நம்பிக்கை வளரும். திலகவதி விழுந்தாள், பிடித்தார்கள். சுலோச்சனா விழுந்தாள், பிடித்தார்கள். அவள் மட்டும் கண்ணை மூடவில்லை. அடுத்து தண்டபாணியின் முறை வந்தது.

ஒருவரும் நகரவில்லை. காரணத்தைச் சொல்லவும் முடியாது, விதி இருக்கிறது. திலகவதிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இன்னொருவருக்கு போன் வந்தது. தண்டபாணி ஏற்கெனவே கண்ணை மூடிக் கையை விரித்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்கய்யா, விழவா வேண்டாமா?" என்றார்.

"விழுங்க தண்டபாணி, நான் இருக்கேன்" என்று மேலாளர் முன்னால் வந்தார். தலைமைப் பண்பு என்றால் அதுதான் என்று அவர் எங்கோ படித்திருந்தார்.

தண்டபாணி நம்பி விழுந்தார். மேலாளர் பிடித்தார். பிடித்த வேகத்தில் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மரத்தில் இருந்த பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிப் போயின. ரிசார்ட் சமையல்காரர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மேலாளர் பாய்ந்து சுலோச்சனாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார். "என்னம்மா சத்தம் அது?"

"தெரியலை சார்" என்றாள் சுலோச்சனா.

"சார், அது புலி..." என்று ஆரம்பித்தான் செல்லக்கண்ணு. சுலோச்சனா அவன் வாலை மிதித்தாள். "...மாதிரி ஏதோ சார்" என்று முடித்தான்.

"புலியா!" என்று திலகவதி கையைத் தட்டினாள். "மதியம் அதைக் காட்டிடுவீங்கல்ல?"

மேலாளர் உள்ளங்கையை ஊதிக்கொண்டே தண்டபாணியிடம் வந்தார். முள் என்று சொல்ல முடியாமல் கொஞ்ச நேரம் யோசித்தார். "உங்க ஆளுமை கொஞ்சம் கூர்மையா இருக்கு தண்டபாணி. குறைச்சுக்குங்க" என்றார்.

சாப்பாட்டு இடைவேளையில் செல்லக்கண்ணு சுலோச்சனாவை ஓரமாக அழைத்தான்.

"மேடம், உங்க மேலாளர் வந்து..."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கூட வேலை பார்க்கறீங்க?"

"இன்னும் நிரந்தரம் ஆகலை. ஆயிட்டா அவர் என்னைச் சாப்பிடக் கூடாது. விதி."

"அவருக்குத்தான் அவர் யாருன்னே தெரியாதே, அப்புறம் எதுக்கு விதி?"

"என்னிக்காவது ஒருநாள் தெரியும்ல."

செல்லக்கண்ணு யோசித்தான். "எங்ககிட்டயும் ஒரு விதி இருக்கு மேடம். பணம் கட்டினவங்க விருந்தினர். கட்டாதவங்க வனவிலங்கு. நீங்க பயப்படாதீங்க, என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராது." சொல்லிவிட்டுத் தொப்பியை மாற்றிக்கொண்டான்.

மதியம் திறந்த ஜீப்பில் போனார்கள். காடு நன்றாக இருந்தது. விலங்குதான் இல்லை. ஒரு முயல் இல்லை, ஒரு காட்டுக்கோழி இல்லை. மேலாளர் பைனாகுலரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"என்னப்பா இது, ஒண்ணையுமே காணோமே?"

"காத்து நம்ம பக்கத்துலேருந்து அடிக்குது சார்" என்றான் செல்லக்கண்ணு.

"அதனால என்ன?"

"ஒண்ணுமில்லை சார். சும்மா சொன்னேன்."

அந்தக் காட்டுக் குட்டைக்குப் போகும் வழியில் ஈர மண். செல்லக்கண்ணு பழக்கதோஷத்தில் ஜீப்பை நிறுத்தினான். அந்த இடத்தில் நிறுத்துவது அவன் தொழில். குனிந்து பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "புலித் தடம். புதுசு. ஆண். நல்ல கனம். இன்னிக்குக் காலையிலதான் போயிருக்கு" என்றான். சொன்ன பிறகுதான் யாருக்குச் சொல்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது.

வேன் மயக்கம் தெளிய மேலாளர் காலையில் அந்த வழியாகத்தான் நடைப்பயிற்சி போயிருந்தார்.

அவர் ஜீப்பிலிருந்து இறங்கினார். தடத்தின் பக்கத்தில் போய் நின்றார். தன் காலை எடுத்து அதன் மேல் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. எல்லோருடைய கண்ணும் சுவரில் எழுதியிருந்ததை அந்தக் காட்டில் தேடியது. சுலோச்சனா ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கோப்பு மேஜையிலேயே இருக்கிறது, அவள் காட்டில் இருக்கிறாள், அவர் காலைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்.

மேலாளர் நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"திலகவதி, இது சாதாரணப் புலி இல்லை" என்றார். "நான் காலையில இந்த வழியாத்தான் வந்தேன். என் காலடி ஒண்ணையும் காணோம். நான் வச்ச ஒவ்வொரு அடி மேலயும் அது அடி வச்சிருக்கு. என்னையே பின்தொடர்ந்து வந்திருக்கு!"

"ஐயோ சார்!" என்றாள் திலகவதி. அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. அலுவலகத்தில் அவள் வேறு விதமாக யோசித்துப் பழகியதில்லை.

"திரும்பு, வண்டியைத் திருப்பு!"

திருப்பும்போது ஜீப் சேற்றில் இறங்கிவிட்டது. சக்கரம் சுற்றியதே தவிர வண்டி நகரவில்லை. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும், இதுதான் உண்மையான குழு ஒருங்கிணைப்பு என்றான் செல்லக்கண்ணு. அவனுக்கு எதிலும் ஒரு விளையாட்டு தெரிந்தது.

"தள்ளுங்க, தள்ளுங்க. ஆனா நான் இங்க நிக்க முடியாது" என்றார் மேலாளர். "அது என் வழியைத் தெரிஞ்சு வச்சிருக்கு. குட்டை வழியா ரிசார்ட்டுக்குக் குறுக்குப்பாதை இருக்கா?"

"இருக்கு சார்."

"சுலோச்சனா, நீங்க வாங்க. நீங்க முன்னால போங்க, நான் பின்னால வரேன். ஏதாவது வந்தா முதல்ல உங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"சார், நான் இங்க வண்டி தள்ளறேனே?"

"குழு மனப்பான்மைம்மா" என்றார் மேலாளர். "நான் எல்லாத்தையும் மனசுல குறிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

தண்டபாணி அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, சுவர் ஞாபகம் வந்து, முள்ளை மட்டும் ஒருமுறை சிலிர்த்துக்கொண்டார்.

இப்படியாக, புலி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஒரு மான் முன்னால் போக, புலிக்குப் பயந்துகொண்டே ஒரு புலி பின்னால் போயிற்று. பாதையெல்லாம் சருகு. சுலோச்சனா வைத்த ஒவ்வொரு அடிக்கும் சருகு நொறுங்கியது. பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. அவளுக்கு முதுகெல்லாம் காதாக இருந்தது.

"சார், வர்றீங்களா?"

"பின்னாலதாம்மா இருக்கேன்." குரல் அவள் வாலுக்கு மிக அருகில் கேட்டது.

"கொஞ்சம் சத்தம் போட்டு நடங்க சார்."

"நானும் பார்க்கறேன், வரவே மாட்டேங்குதும்மா. காட்டுல நடந்து பழக்கம் இல்லை."

குட்டைக்கு வந்தார்கள். காற்று நின்றிருந்தது. தண்ணீர் அசையவில்லை. மேலாளர் களைத்துப்போய்க் கரையில் நின்று குனிந்தார். சட்டென்று பின்வாங்கினார்.

"சுலோச்சனா! உள்ள!"

தண்ணீருக்குள் ஒரு புலி நின்றுகொண்டிருந்தது. பழைய கதைகளில் இந்த இடத்துக்கு வந்து சேரும் விலங்கு உறுமிக்கொண்டு தண்ணீரில் குதித்துவிடும். அத்தோடு கதை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். சௌந்தரபாண்டியன் குதிக்கவில்லை. மேலிடத்து அனுமதி இல்லாமல் அவர் எதிலும் குதித்ததில்லை.

"அது நம்மளைப் பார்க்குது" என்று கிசுகிசுத்தார். "அசையாதீங்க. அட, பக்கத்துல பாருங்க. ஒரு மான்!"

"ஆமா சார்."

"பாவம்மா அது. எப்படி நடுங்குது பாருங்க."

"ஆமா சார், ரொம்ப நடுங்குது."

கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் நின்றார்கள். தண்ணீரில் இருந்த இருவரும் பேசாமல் நின்றார்கள். பிறகு மேலாளர், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டார்.

"அது ஏன் அந்த மானைச் சாப்பிடாம நிக்குது?"

சுலோச்சனா வந்த பாதையைப் பார்த்தாள். ஓடிப் பயனில்லை. ஓடுவதைப் பார்த்தால் அவருக்கு ஞாபகம் வராதது எல்லாம் வந்துவிடும். அவள் வாயில் விதிதான் வந்தது.

"அந்த மான் நிரந்தரப் பணியாளரா இருக்கும் சார்."

மேலாளர் முகம் மலர்ந்தது. "அப்படியா! விதிப்படி நடக்கிற புலியா? நல்ல நிர்வாகமாத்தான் இருக்கு." பிறகு மெதுவாக, "நிரந்தரம் இல்லைன்னா?" என்றார்.

"இல்லைன்னா... தடை எதுவும் இல்லை சார்."

அவர் வயிற்றிலிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது. அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுத்து சுலோச்சனாவைப் பார்த்தார். அவள் முதுகுப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கழுத்தில் வந்து நின்றார். அவள் இத்தனை நாள் அவர் கண்ணில் பார்த்திராத ஒன்று அங்கே எட்டிப் பார்த்தது.

"என்னமோ மாதிரி இருக்கும்மா எனக்கு" என்றார். "பாவமாவும் இருக்கு. பசியாவும் இருக்கு. உங்க உத்தரவு இன்னும் என் மேஜையிலதானே கிடக்கு?"

"ஆமா சார்."

"அதை இப்பவே போட்டுடறது நல்லதுன்னு தோணுது. ஏன்னு தெரியலை."

"எனக்கும் அப்படித்தான் சார் தோணுது. இப்பவே போட்டுடுங்க."

மேலாளர் அடிப்படையில் நல்லவர். சட்டைப்பையைத் தேடினார். சட்டை இல்லாததால் பையும் இல்லை. "பேனா கொண்டு வரலையே."

"விரலால எழுதுங்க சார்" என்று அவள் பக்கத்தில் இருந்த மருதமரத்தைக் காட்டினாள்.

சௌந்தரபாண்டியனுக்கு ஒரு வழக்கம் உண்டு. உத்தரவு எழுதும்போதும் கையெழுத்துப் போடும்போதும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். என்ன எழுதினோம் என்று பார்க்காதவரை பின்னால் எந்த விசாரணையும் தன் மேல் வராது என்பது அவர் அனுபவம். இப்போதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைத் தூக்கினார். விரல் நுனியிலிருந்து நகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சுலோச்சனா தானும் கண்ணை மூடிக்கொண்டாள். பட்டை கிழியும் சத்தம் கேட்டது. அவள் கண்ணைத் திறந்தபோது மரத்தில் ஆழமாக எழுதியிருந்தது: 'இளநிலை உதவியாளர் சுலோச்சனா பணி நிரந்தரம் செய்யப்படுகிறார்.' கீழே நீளமாக ஒரு கீறல். அதுதான் கையெழுத்து.

அவள் மூச்சு விட்டாள். சரியாக அந்த நேரத்தில் ஜீப் வந்து சேர்ந்தது. எல்லோர் மேலும் சேறு. ஒற்றுமை வளர்ந்திருந்தது. செல்லக்கண்ணு மரத்தைப் பார்த்ததும் அவன் தலையில் இருந்த பச்சைத் தொப்பி பேசிவிட்டது.

"எல்லாரும் பாருங்க! புலி நகம் தீட்டின மரம்! ஈரம்கூடக் காயலை!"

மேலாளர் கண்ணைத் திறந்தார். அலறிக்கொண்டு திலகவதியின் பின்னால் போய் நின்றார். "இப்பத்தான் அந்த மரத்துக்கிட்ட நின்னேன்! இப்பத்தான் நின்னேன்!"

"சார், அது நீங்க எழுதின உத்தரவு" என்றாள் சுலோச்சனா.

"நான் விரலால எழுதினேன்மா. விரலால எழுதினா மரத்துல பள்ளம் விழுமா? இது நான் எழுதினது இல்லை."

திலகவதி கிட்டப் போய்ப் படித்தாள். செல்லக்கண்ணுவைப் பார்த்தாள். "புலி நகம்தானா? சந்தேகம் இல்லையே?"

"தொழில்ல பொய் சொல்ல மாட்டேன் மேடம்."

"அப்ப மன்னிச்சுக்குங்க சுலோச்சனா. மேலாளர் போட்டா செல்லும். புலி போட்ட உத்தரவு நம்ம அலுவலகத்துல செல்லாது."

சுலோச்சனா மரத்தைப் பார்த்தாள். உத்தரவு செல்ல வேண்டுமானால், எழுதிய புலிதான் மேலாளர் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் விதியை மீறியதற்காக வேலை போய்விடும். அதற்கும் முன்னால், சொன்னதைக் கேட்டு அவர் தன் கையைத் திருப்பிப் பார்ப்பார். சொல்லாவிட்டால் உத்தரவு இல்லை. மேலாளரின் வயிறு மறுபடியும் சத்தம் போட்டது. தண்டபாணி வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அவளுக்கு அப்போது சேற்றில் பதிந்திருந்த தடம் நினைவுக்கு வந்தது.

"சார், நீங்களும் எழுதினீங்க. அதுவும் எழுதியிருக்கு" என்றாள்.

"என்னது?"

"நீங்க வச்ச அடி மேலதானே சார் அது அடி வைக்குது? நீங்க எழுதினதுமே, அதே எழுத்து மேல அதுவும் எழுதிட்டுப் போயிருக்கு. நீங்க போட்ட உத்தரவு அதுக்குச் சம்மதம். மேலொப்பம் போட்டிருக்கு சார்."

திலகவதி மறுபடியும் குனிந்து பார்த்தாள். "ஆமா சார். ஒரு எழுத்துகூட மாத்தலை. அப்படியே ஏத்துக்கிட்டிருக்கு" என்றாள். "ஆனா புலிக்கு எதுக்கு நம்ம அலுவலக விஷயம்?"

"காட்டுக்கே மேலிடம் அதுதானே மேடம்" என்றாள் சுலோச்சனா.

மேலாளர் திலகவதியின் பின்னாலிருந்து மெல்ல வெளியே வந்தார். "மேலிடமா?" என்றார். பயம் அப்படியே இருந்தது. ஆனால் அது பழகிய பயமாக மாறிவிட்டது. முதுகை நிமிர்த்திக்கொண்டு குட்டையின் பக்கம் திரும்பி ஒரு வணக்கம் வைத்தார். "இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? மேலிடமே ஒப்புதல் கொடுத்த பிறகு நான் யாரு மறுக்கிறதுக்கு?"

எழுத்து இருந்த அளவுக்குப் பட்டையை உரித்து எடுத்தார்கள். தண்டபாணி அதைக் கோப்பில் கட்டிக்கொண்டார். இனி சுலோச்சனா சக ஊழியர். அவளுடைய நான்கு கால்களும் வெகுநாளைக்குப் பிறகு ஒரே பக்கமாக நின்றன.

திரும்பும்போது வேனில் எல்லோருக்கும் ஒரே ஒரு குறைதான். இவ்வளவு தூரம் வந்தும் ஒரு விலங்கைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. திலகவதி அதையும் அறிக்கையில் எழுதினாள்: 'குழு ஒருங்கிணைப்பு: நன்று. வனவிலங்கு: தென்படவில்லை.'

அதன் பிறகு அலுவலகத்தில் சுலோச்சனாவுக்கு ஒரு குறையும் இல்லை. விடுப்பு கேட்டால் மேலாளர் யோசிப்பார். "மேலிடத்துல என்ன நினைப்பாங்களோ சார்" என்பாள். உடனே கிடைத்துவிடும். ஜன்னல் ஓர இருக்கையும் அப்படித்தான் வந்தது. தண்டபாணிக்கு ஊதிய உயர்வும் அப்படித்தான் வந்தது.

மேலாளர் மாதம் ஒருமுறை ஆற்றைக் கடந்து குட்டைக்குப் போக ஆரம்பித்தார். கரையில் கைகட்டி நின்று, அந்த மாதம் எத்தனை பேருக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லி அனுப்பினோம் என்பதை ஒப்பிப்பார். ஒவ்வொரு முறையும் சுலோச்சனாவையும் கூட்டிப் போவார். மேலிடமே ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டு நிற்கும்போது தான் மட்டும் தனியாகப் போய் நிற்பது மரியாதையாக இருக்காது என்பது அவர் எண்ணம்.

"மேலிடம் ரொம்பப் பொறுமைசாலிம்மா" என்பார் திரும்பி வரும்போது. "நான் எதைச் சொன்னாலும் கூடவே தலையாட்டறார். கொஞ்சம் பசியா இருக்கிற மாதிரி தெரியறார். கேட்டா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

"நல்லவேளை சார்."

"ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அவர் உதவியாளர் மட்டும் அவரை விட்டுக் கொஞ்சம் தள்ளியே நிக்கிறாங்க. அதான் நிரந்தரம் ஆயாச்சே, இன்னும் என்ன பயம்?"

"பழக்கம்தான் சார்" என்றாள் சுலோச்சனா, கொஞ்சம் தள்ளி நடந்துகொண்டே.

*

நீதி: மேலதிகாரிக்கு அவர் யார் என்று எடுத்துச் சொல்ல விரும்புவோர், முதலில் பணி நிரந்தர உத்தரவைப் பெற்றுக்கொள்ளவும். பெற்றுக்கொண்ட பிறகு சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது.